செமிகா: அறுந்துபோன நியமன மரபை மீட்க யூத அறிஞர்கள் எடுத்த முயற்சிகள்

கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ரபிகள், அதாவது யூதச் சமய அறிஞர்கள், பட்டம் பெற்றுப் பணியாற்றிவரும்போது, 'ரபி நியமனத்தை மீட்கும் முயற்சி' என்று யூத வரலாற்றில் ஏன் பேசப்படுகிறது என்பது முதற்பகுதி. 1538ஆம் ஆண்டு கலிலேயாவின் சஃபேத் நகரில் அந்த நியமனத்தைப் புதுப்பித்தார்கள், யூதச் சட்டத்தைத் தொகுத்த யோசேப் காரோவே அதைப் பெற்றவர் என்று படிக்கிறோமே, அப்படியானால் மரபு மீண்டுவிட்டதுதானே என்பது இரண்டாம் பகுதி. இரண்டாவதற்கு விடை காண வேண்டுமானால் முதலாவதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இன்று ஒரு ரபி பெறும் பட்டத்துக்கும் எபிரேயத்தில் 'செமிகா' என்ற பெயர்தான் வழங்குகிறது. ஆனால் அது, மாணவன் சட்டத்தை நன்கு கற்றிருக்கிறான், கேட்பவர்களுக்கு விடை சொல்லத் தகுந்தவன் என்று ஆசிரியர் தரும் அனுமதி மட்டுமே. இந்த வழக்கம் 14ஆம் நூற்றாண்டில் வியன்னாவைச் சேர்ந்த மெயிர் பென் பாரூக் ஹலேவி போன்றோரின் காலத்தில் உறுதிப்பட்டது. அதே நூற்றாண்டில் பிரான்சின் தலைமை ரபி பதவி குறித்து எழுந்த வழக்கொன்றில் கருத்துக் கேட்கப்பட்ட ஐசக் பென் ஷேஷெத், இக்காலத்துப் பட்டம் பழைய நியமனம் அன்று, ஆசிரியர் வாழும்போதே மாணவன் தனித்துக் கற்பிக்க அவர் தரும் இசைவுதான் என்று தெளிவாக எழுதிவைத்தார். ஆகவே பட்டம் பெறுபவர்களுக்கும் பட்டம் தருபவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரியாத ஒன்று அன்று.

பழைய செமிகா ஒரு கல்வித் தகுதியன்று, ஆளிடமிருந்து ஆளுக்குக் கைமாறும் ஓர் அதிகாரம். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் மோசே யோசுவாவின்மேல் தம் கைகளை வைத்து, தம் அதிகாரத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கிறார். 'கையைச் சாய்த்து வைத்தல்' என்ற அந்தச் செயலே செமிகா என்ற சொல்லின் வேர். யோசுவா மூப்பர்களுக்கும், அவர்கள் தமக்குப் பின்வந்தோருக்கும் கொடுத்து, இடைவிடாமல் அது வந்துகொண்டிருந்தது என்பது மரபின் நம்பிக்கை. பிற்காலத்தில் கையை வைப்பதுகூட நின்றுவிட்டது. தகுந்தவரை 'ரபி' என்று அழைத்து, தண்ட வழக்குகளையும் தீர்க்க உமக்கு உரிமை உண்டு என்று வாயால் சொன்னாலே போதும் என்று யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் விளக்குகிறது. ஆனால் சொல்பவர் தாமே நியமனம் பெற்றவராக இருக்க வேண்டும், நியமனம் இஸ்ரவேல் நாட்டுக்குள் நடக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் தளர்த்தவே இல்லை. பாபிலோனின் அறிஞர்கள் எவ்வளவு கற்றிருந்தும் 'ரபி' என்று அழைக்கப்படாமல் 'ராவ்' என்றே அழைக்கப்பட்டதன் காரணம் இதுதான்.

அந்த அதிகாரம் இல்லாமற்போனால் என்ன குறை என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். திருடன் பிடிபட்டால் திருடியதற்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சட்டம். நியமனம் பெறாத நீதிபதி, திருடிய பொருளைத் திருப்பிக் கொடு என்று ஆணையிடலாம். இரட்டிப்பாக்கும் அந்த இன்னொரு பங்கு தண்டம் ஆதலால் அதை விதிக்க அவருக்கு உரிமையில்லை. சாட்டையடித் தண்டனை, பிறை கண்ட சாட்சிகளை விசாரித்து மாதப்பிறப்பை அறிவிப்பது, எழுபத்தொருவர் அமரும் சன்ஹெட்ரின் என்ற உயர்மன்றத்தில் இடம்பெறுவது ஆகிய அனைத்தும் நியமனம் பெற்றவர்களுக்கே உரியவை. செமிகா அற்றுப்போனால் தோராவின் சட்டத்தில் ஒரு பெரும்பகுதி ஏட்டில் மட்டும் நிற்கும்.

ரோமானியர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள் என்று தோன்றுகிறது. 135ஆம் ஆண்டு பார் கோக்பாவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் வந்த அடக்குமுறையைப் பற்றித் தல்மூத் ஒரு நிகழ்ச்சி சொல்கிறது. நியமிப்பவரும் நியமனம் பெறுபவரும் கொல்லப்படுவர், அது நடக்கும் நகரம் இடித்துத் தள்ளப்படும் என்று ஆணை பிறந்தது. முதியவரான யெகூதா பென் பாவா, எந்த ஊருக்கும் கேடு வரக்கூடாது என்று கருதி, உஷா, ஷெஃபாராம் என்ற இரண்டு ஊர்களின் எல்லைகளுக்கும் நடுவே, இரு மலைகளுக்கு இடையில் போய் அமர்ந்தார். அங்கே மெயிர், யெகூதா, ஷிமோன், யோசே, எலெயாசார் பென் ஷம்முவா என்ற ஐந்து மாணவர்களை நியமித்தார். படைவீரர்கள் நெருங்கியதும் மாணவர்களை ஓடச் சொன்னார். உங்கள் நிலை என்ன என்று அவர்கள் கேட்டபோது, புரட்டிப் பார்க்க ஆளில்லாத கல்லைப் போல நான் இங்கேயே கிடக்கிறேன் என்றார். அவர் உடலில் முந்நூறு இரும்பு ஈட்டிகளைப் பாய்ச்சிச் சல்லடையாக்கிய பிறகே வீரர்கள் அவ்விடம் விட்டு நகர்ந்தார்கள் என்று அந்தப் பகுதி முடிகிறது. வாய்மொழிச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னாவைப் புரட்டும் எவரும் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும் பெயர்கள் அந்த ஐந்து மாணவர்களுடையவை. ஒரு நியமனத்துக்காக ஒருவர் உயிர் கொடுத்தார் என்ற இந்த நினைவு, பின்னர் வந்த ஒவ்வொரு விவாதத்தின் அடியிலும் இருக்கிறது.

இவ்வளவு விலை கொடுத்துக் காக்கப்பட்ட தொடர்ச்சி, பின்னர் ஆரவாரமின்றித் தேய்ந்தது. கிறிஸ்தவப் பேரரசின் கீழ்க் கலிலேயாவின் கல்விக்கூடங்கள் நலிந்தன. 4ஆம் நூற்றாண்டிலேயே, பிறை பார்க்கத் தேவையில்லாத கணித நாட்காட்டி வகுக்கப்பட்டுவிட்டது என்று மரபு கூறும். அதை இரண்டாம் ஹில்லேல் செய்ததாகச் சொல்வர். 429ஆம் ஆண்டின் ரோமப் பேரரசாணை ஒன்று, யூதர்களின் குலத்தலைவர் பதவி முடிந்துபோன ஒன்றாகவே பேசுகிறது. கொடுப்பவர் இல்லாதபோது பெறுபவரும் இல்லை.

மீட்பதற்கு ஒரு வழி உண்டு என்று முதலில் துணிந்து எழுதியவர் 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். அவர் தொடங்கும் இடமே நுட்பமானது. "முன்னிருந்ததுபோல உன் நியாயாதிபதிகளைத் திரும்பத் தருவேன்" என்று ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு இருக்கிறது. சன்ஹெட்ரினில் அமர நியமனம் பெற்றிருக்க வேண்டும். நியமனமோ நியமனம் பெற்றவரிடமிருந்தே வர வேண்டும். அப்படியானால் அறுந்தது அறுந்ததுதான், வாக்கு நிறைவேற வழியே இல்லை என்று ஆகிவிடும். அப்படி ஆக முடியாது என்பதால், இஸ்ரவேல் நாட்டிலுள்ள அறிஞர்கள் அனைவரும் ஒருமித்து ஒருவரை நியமித்தால் அவர் நியமனம் பெற்றவராவார், அவர் பிறரையும் நியமிக்கலாம் என்று அவர் தம் மிஷ்னா உரையில் எழுதினார். தம் பெருஞ்சட்டத் தொகுப்பில் இதையே மீண்டும் சொல்லும்போது 'எனக்குத் தோன்றுகிறது' என்று தொடங்குகிறார். இவ்வளவு எளிய வழி இருந்ததென்றால் முன்னோர்கள் நியமனம் அற்றுப்போகுமே என்று ஏன் அவ்வளவு வருந்தினார்கள் என்று தம்மையே கேட்டுக்கொண்டு, மக்கள் சிதறிக் கிடந்ததால் அனைவரும் ஒருமிப்பது இயலாததாயிருந்தது என்று விடையும் சொல்கிறார். பிறகு, அந்தப் பகுதியின் இறுதியில், 'இவ்விஷயம் தீர்மானிக்கப்பட வேண்டியதாக உள்ளது' என்ற பொருளில் ஒரு சிறு தொடர். எபிரேயத்தில் மூன்றே சொற்கள். அடுத்த பல நூற்றாண்டுகளின் சண்டை அந்த மூன்று சொற்களைச் சுற்றியே நடந்தது என்றால் மிகையாகாது.

சட்ட நூலில் கிடந்த இந்தக் கருத்தை உயிருள்ள தேவையாக மாற்றியது ஸ்பெயின். 1492இல் அங்கிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர்ச்சுகலில் 1497இல் கூட்டங்கூட்டமாகக் கட்டாய ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. வெளியே கிறிஸ்தவராகவும் உள்ளே யூதராகவும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களில் பலர் ஒட்டோமான் நாட்டுக்குத் தப்பி வந்து வெளிப்படையாக மீண்டும் யூதரானார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் மீறியவற்றில் சில, 'தன் ஜனத்தாரில் இராதபடிக்கு அறுப்புண்டுபோவான்' என்று தோரா எச்சரிக்கும் குற்றங்கள். எபிரேயத்தில் இத்தண்டனைக்குக் 'கரேத்' என்று பெயர். அது மனிதர் தருவதன்று, கடவுள் தருவது. மனம் வருந்தினால் மட்டும் அது முற்றும் நீங்குமா என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் மிஷ்னாவில் ஒரு விதி இருக்கிறது: கரேத்துக்கு உரியவர் சாட்டையடி பெற்றுவிட்டால் கரேத்திலிருந்து விடுபடுவார். ஒன்று குறைய நாற்பது அடி வாங்கிக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள். அடிக்கும் ஆணையைப் பிறப்பிக்க உரிமையுள்ள நீதிமன்றம்தான் உலகில் எங்கும் இல்லை. இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடும் இடம் இது. அதிகாரத்தை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை, ஆள விரும்பியவர்களின் பக்கமிருந்து மட்டும் வரவில்லை. தண்டனை பெற விரும்பியவர்களின் பக்கமிருந்தும் வந்தது.

அந்தத் தேவையைக் கையில் எடுத்தவர் யாக்கோபு பெராப். ஸ்பெயினின் தொலேதோ நகரை அடுத்த மக்கேதாவில் பிறந்து, வெளியேற்றத்துக்குப் பின் இளம் வயதிலேயே ஃபெஸ் நகரில் ரபியாகி, எகிப்தில் வாழ்ந்து, இறுதியில் சஃபேத்தில் நிலைத்தவர். உறுதியும் செல்வாக்கும் பேரறிவும் கொண்டவர். தமக்கு மாறான கருத்தை எளிதில் பொறுப்பவர் அல்லர். சஃபேத் அப்போது நெசவுத் தொழிலால் செழித்து, அகதி அறிஞர்களால் நிறைந்து, எருசலேமையே விஞ்சிய கல்வி நகரமாக விளங்கியது. 1540ஆம் ஆண்டு மீட்பின் ஆண்டாக அமையும் என்ற எதிர்பார்ப்பும் அக்காலத்தில் பரவியிருந்தது. இந்தச் சூழலில் 1538இல் சஃபேத்தின் 25 ரபிகள் கூடி, மைமோனிடிஸ் காட்டிய வழியில், தம்முள் பெரியவரென்று பெராபை நியமித்தார்கள். பிறகுதான் எருசலேமுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

'பிறகுதான்' என்ற அந்தச் சொல்லில்தான் பாதிச் சிக்கல் இருந்தது. எருசலேமின் தலைமை ரபியான லேவி இபின் ஹபீப், இந்த நியமனம் செல்லாது என்று அறிவித்தார். அவர் அடுக்கிய காரணங்களை வெறும் ஊர்ப்போட்டி என்று ஒதுக்கிவிட முடியாது. நாட்டிலுள்ள அனைவரும் ஒருமிக்க வேண்டும் என்று மைமோனிடிஸ் சொல்லியிருக்க, முடிவெடுத்துவிட்டு ஒப்புதல் கேட்பது எந்த வகையில் ஒருமிப்பாகும் என்பது ஒன்று. விஷயம் தீர்மானிக்கப்பட வேண்டியது என்று எழுதியவரே தயங்கியிருக்கிறார் என்பது மற்றொன்று. அந்தத் தயக்கம் பகுதி முழுவதையும் பற்றியதன்று, அதிலுள்ள ஓர் உட்பிரிவைப் பற்றியதே என்று பெராப் பதில் வாதிட்டார். அடுத்து நாட்காட்டி. கணித நாட்காட்டி செல்லுபடியாவதே நியமனம் பெற்ற நீதிமன்றம் இல்லாததால்தான். அப்படியொரு நீதிமன்றம் மீண்டால் மாதப்பிறப்பை யார் அறிவிப்பது, உலகெங்கும் உள்ள யூதர்கள் ஆளுக்கொரு நாளில் பஸ்கா கொண்டாடுவதா என்று இபின் ஹபீப் கேட்டார்.

அவருடைய கூர்மையான வாதம் சாட்டையடியைப் பற்றியது. தோராவின்படி சாட்டையடி விதிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும், குற்றம் செய்யுமுன் எச்சரிக்கை தந்திருக்க வேண்டும். லிஸ்பனில் மறைவாக வாழ்ந்த ஒருவரை எந்த யூதச் சாட்சி எச்சரித்திருக்க முடியும்? சாட்சியின்றித் தாமாக வந்து ஒப்புக்கொள்பவருக்கு நீதிமன்றம் அடி விதிக்கவே முடியாது. ஆகவே எவருடைய துன்பத்தைத் தீர்க்க நியமனம் புதுப்பிக்கப்பட்டதோ, அவருக்கு அதனால் பயனில்லை. மனம் திரும்புதல் ஒன்றே போதும் என்றார் அவர். சட்ட அளவில் இபின் ஹபீபின் இந்த வாதமே வலுவானது என்று நான் கருதுகிறேன். ஆனால் நெஞ்சுருகி வந்து நின்றவர்களுக்கு, 'உங்களுக்கு அடி தேவையில்லை' என்ற விடை எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு கேள்வி. பெராப் அவர்களுடைய அச்சத்தைத் தம் அச்சமாகவே எடுத்துக்கொண்டார்.

வாதம் சூடேறியபோது தனிப்பட்ட காயங்களும் வெளியே வந்தன. நியமனம் பெறுபவருக்கு அறிவு மட்டும் போதாது, தூய்மையும் வேண்டும் என்று இபின் ஹபீப் எழுதப்போக, நான் ஒருபோதும் என் பெயரை மாற்றிக்கொண்டவன் அல்லன், வறுமையிலும் துன்பத்திலும் கடவுளின் வழியிலேயே நடந்தேன் என்று பெராப் பதில் எழுதினார். அந்தச் சொல் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. இபின் ஹபீப் இளைஞராக இருந்தபோது போர்ச்சுகலில் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்றவர். அவர் அதை மறைக்கவில்லை. கொடுமையின் காலத்தில் என் பெயரை மாற்றினார்கள், என் இதயத்தை மாற்றவில்லை. அப்போது நான் இருபது வயதுகூட நிரம்பாதவன், என் கண்ணீரைக் கடவுள் அறிவார் என்ற பொருளில் அவர் எழுதிய விடையைப் படிப்பவர் எவரும் எளிதில் கடந்துபோக முடியாது. கரேத்தின் அச்சத்தில் வாழ்ந்தவர்களுக்காகத் தொடங்கிய முயற்சியை எதிர்த்து நின்றவர், அவர்களில் ஒருவராக இருந்தவரே.

இருதரப்பும் எகிப்தின் தாவீது இபின் சிம்ராவிடம் கருத்துக் கேட்டன. அவர் இபின் ஹபீபின் பக்கம் நின்றார். மைமோனிடிஸின் அடிப்படை வாதத்துக்கே அவர் வேறொரு விடை வைத்திருந்தார். எலியா தீர்க்கதரிசி வருவார். அவர் நியமனம் பெற்றவர். அவர் வந்து பிறரை நியமிப்பார். ஆகவே வாக்கு நிறைவேற மனிதர் தொடரைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இதற்கிடையில் பெராபுக்கு அதிகாரிகளால் ஆபத்து நேரும் நிலை வந்து, அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தம்மோடு நியமனம் மறைந்துவிடக் கூடாது என்று, கிளம்புமுன் நால்வருக்கு அதைக் கொடுத்தார். யோசேப் காரோவும் மோசே திராணியும் அந்த நால்வரில் அடங்குவர். யெகூதா பென் பாவாவின் கதையை நெஞ்சில் சுமந்தவர்களுக்கு, இந்த அவசரத்தின் பொருள் விளங்காமல் இருந்திருக்காது. காரோ மோசே அல்ஷேக்கை நியமித்தார். அல்ஷேக் 1590இல் கபாலா என்ற யூத மறைஞான மரபின் அறிஞர் ஹயீம் விதாலை நியமித்தார். பெராபின் பேரனும் அந்நூற்றாண்டின் இறுதியில் சிலரை நியமித்தார். அதற்குப் பின் தொடர் நின்றுவிட்டது.

பிற்கால முயற்சிகள் அளவில் சிறியவை, ஆயினும் ஒன்று வியப்பானது. 1830இல் சஃபேத்தில் வாழ்ந்த ஷ்க்லோவின் இஸ்ரவேல் என்ற ரபி, வில்னாவின் புகழ்பெற்ற அறிஞர் எலியாவின் மாணவர். புதுப்பிப்பதைவிட, அறாத தொடர் எங்கேனும் இருந்தால் அதைத் தேடுவதே மேல் என்று அவர் எண்ணினார். காணாமற்போன பத்துக் கோத்திரங்களிடம் அது இன்னும் இருக்கக்கூடும் என்று நம்பி, அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பின்ஸ்கின் பாரூக் என்பவரை யேமனுக்கு அனுப்பினார். பாரூக் யேமன்வரை சென்றார், அங்கேயே கொல்லப்பட்டார். கடிதம் சேர வேண்டியவர்களிடம் சேரவில்லை.

1948இல் இஸ்ரேல் அரசு அமைந்தபோது அதன் முதல் சமய விவகார அமைச்சர் யெகூதா லேப் மைமோன், நாடு மீண்டபின் சன்ஹெட்ரின் மீளாதிருப்பது பொருந்தாது என்று பேசியும் எழுதியும் வந்தார். மதச்சார்பற்றவர்களுக்கு அதில் நாட்டமில்லை. பழமைவாத ரபிகளோ, பிரிஸ்க் மரபின் ஐசக் செயேவ் சொலோவெய்ச்சிக் உட்பட, கடுமையாக எதிர்த்தனர். அரசு அமைச்சர் ஒருவரின் முனைப்பில் எழும் மன்றம், தோராவின் மன்றமாக நிற்குமா அரசின் கருவியாகுமா என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 1807இல் நெப்போலியன் பாரிசில் 71 பேரைக் கூட்டிச் சன்ஹெட்ரின் என்று பெயரிட்டதை நினைத்தால், அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. அங்கே பழைய பெயரும் பழைய எண்ணிக்கையும் இருந்தன, நியமனம் இல்லை.

2004 அக்டோபரில் திபேரியாவில் 71 ரபிகள் கூடித் தாங்கள் சன்ஹெட்ரினைப் புதுப்பித்ததாக அறிவித்தார்கள். இடத்தேர்வு காரணமில்லாததன்று. சன்ஹெட்ரின் இடம்பெயர்ந்த கடைசி ஊர் திபேரியா, மீட்பும் அங்கிருந்தே தொடங்கும் என்று தல்மூத் சொல்கிறது. தல்மூதை இக்கால எபிரேயத்தில் விளக்கி எழுதிய ஆதின் ஷ்டைன்சால்ட்ஸ் 2005இல் அதன் தலைமையை ஏற்றார், 2008இல் விலகினார். அரசின் தலைமை ரபி அமைப்போ, யேஷிவாக்கள் என்ற பெரும் சமயக் கல்விக்கூடங்களோ அந்த மன்றத்தை ஏற்கவில்லை. 'அனைவரும்' என்ற மைமோனிடிஸின் சொல்லில்தான் இம்முயற்சியும் தடுக்கி நின்றது.

இனிக் காரோவுக்கு வருவோம். பெராபின் நியமனத்தைப் பெற்றவர், அதைப் பிறருக்கும் கொடுத்தவர் என்பதில் ஐயமில்லை. அவருடைய ஆன்மிக நாட்குறிப்பில், வானத்துக் குரல் ஒன்று, நியமனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நீ உன்னையே அர்ப்பணித்தாய், நாட்டின் அறிஞர்கள் அனைவராலும் வெளிநாட்டு அறிஞர்களாலும் நியமனம் பெறுவாய் என்று அவருக்கு உறுதி கூறுகிறது. பெராபின் நால்வரில் ஒருவராக இருப்பது அவருக்குப் போதவில்லை. அனைவரின் ஒப்புதலும் வேண்டும் என்பதை அவரே உள்ளூர உணர்ந்திருந்தார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அவர் தொகுத்த ஷுல்ஹான் அரூக் என்ற சட்ட நூலின் நீதிமன்றப் பகுதியைத் திறந்தால், முதற்பிரிவே 'இக்காலத்தில்' என்றுதான் தொடங்குகிறது. இக்காலத்தில் நீதிபதிகள் கடன் வழக்குகளையும் சொத்துச் சேத வழக்குகளையும் விசாரிக்கலாம். தண்டங்களை இஸ்ரவேல் நாட்டில் நியமனம் பெற்றவர்கள் மட்டுமே விசாரிக்கலாம். மற்ற நீதிபதிகள் அவற்றை வசூலிக்க முடியாது என்று அது சொல்கிறது. அந்த நியமனம் தம் கையில் இருப்பதாக ஒரு வரிகூட அங்கே இல்லை. அந்த நூல் வெனிஸில் 1565இல் அச்சாகி வெளிவந்தது. சட்டக் கேள்விகளுக்கு இபின் ஹபீப் எழுதிய விடைகளின் தொகுப்பும், பெராபோடு அவர் நடத்திய விவாதம் முழுவதும் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டு, அதே வெனிஸில் அதே ஆண்டு அச்சானது.